கேனுக்கு ஓட்டு கிடையாது

1. கேன்

“எடம் போட்டுட்டேன்க்கா. கேன வெச்சுட்டு வந்துகீறேன்” என்றான் சேகர்.

நாடாளுமன்றத் தேர்தல் நாள், பிற்பகல் மூன்று நாற்பது. மேடவாக்கத்தில் நான் இருபத்திரண்டு வருடம் புக்கிங் பார்த்த தண்ணீர் டேங்கர் ஆபீஸ். ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை, ஒரு மேஜை, ஒரு டேபிள் ஃபேன், ஓயாமல் அடிக்கும் ஒரு செல்போன், அதை எடுத்து எடுத்துக் காது புண்ணான நான். டிரைவர்கள் பதினொரு பேருக்கும் நான் சுபைதாக்கா.

சேகர் அந்தப் பதினொன்றில் ஒருவன். நாற்பத்தாறு வயது. வாழ்நாளில் ஒரு நாடாளுமன்றத் தேர்தலில்கூட ஓட்டுப் போட்டதில்லை. வீடும் ஓட்டும் கூடுவாஞ்சேரியில். இந்தத் தடவை எப்படியும் போட வைத்துவிட வேண்டும் என்று பதினொரு மணிக்கே அவனை பைக்கில் ஏற்றி அனுப்பியிருந்தேன். இப்போது விரலில் மை இல்லாமல் என் எதிரில் நின்று பல்லைக் காட்டுகிறான்.

“எங்கப்பா வெச்ச கேன?”

“பூத்துலதான். நூத்தம்பது பேரு நிக்கிறாங்கக்கா. வெயிலு மண்டைய பொளக்குது. சும்மா நின்னுகினு இன்னா பண்றது? கேன வரிசைல வெச்சேன், பின்னாடி நின்னவர்கிட்ட சொல்ட்டேன். சிட்லபாக்கம் முதியோர் ஹோம்லேர்ந்து போன் வந்துச்சு, சம்பு காலியாம். ஒரு லோடு அட்ச்சுட்டு ஓடிப் போய்டலாம்னு வந்தேன்.”

எனக்குத் தலை சுற்றியது. ஆனால் அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தொழிலில் யாரும் வரிசையில் நிற்பதில்லை. கிணற்றடியில் லாரிக்குத் தண்ணீர் பிடிக்கிற ஃபில்லிங் பாயிண்டில் விடியற்காலை நாலு மணிக்கே பதினைந்து லாரி வந்துவிடும். டிரைவர் தன் லாரி நம்பர் எழுதிய பழைய இருபது லிட்டர் கேனைக் குழாய்க்கு முன்னால் வரிசையில் வைத்துவிட்டு, கேபினில் ஏறிப் படுத்துவிடுவார். ஒரு வண்டி நிரம்பிப் போனதும் பக்கத்தில் இருக்கிறவர் எல்லாக் கேனையும் காலால் ஒரு தள்ளு தள்ளிவிடுவார். இருபத்திரண்டு வருடத்தில் இதில் ஒரு சண்டை வந்து நான் பார்த்ததில்லை. பத்தொன்பது வருடம் கேன் வைத்தே பிழைத்தவன், பூத்திலும் கேனை வைத்துவிட்டு வந்திருக்கிறான்!

“ஆறு மணிக்கு மூடிருவாங்கய்யா!” என்று நான் கத்தியதில் டேபிள் ஃபேனே ஒரு நிமிடம் நின்றது போலிருந்தது.

2. பதினொரு பேரும் தரையைப் பார்த்தது

ஒரு ஓட்டுக்கு ஏன் இந்தப் பாடு என்று கேட்பீர்கள். அதற்கு முந்தைய நாடாளுமன்றத் தேர்தலைச் சொல்ல வேண்டும்.

ஓட்டு நாள் என்றால் லீவு. லீவு என்றால் அபார்ட்மெண்டில் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், வாஷிங் மெஷின் ஓடும், தரைக்கடியில் இருக்கிற சம்ப் காலியாகும். எங்களுக்கு அது சீசன் நாள். அந்த முறை விடிந்ததிலிருந்து போனைக் கீழே வைக்கவில்லை. பதினொரு டிரைவரும் சாப்பிடக்கூட இறங்கவில்லை. வேறு எந்த நாளிலும் இல்லாத அளவுக்கு லோடு அனுப்பினேன். முதலாளி தணிகாசலம் அண்ணன் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். ஒருவர்கூட ஓட்டுப் போடவில்லை, நான் உட்பட. அது ஒரு விஷயமாகவே எங்களுக்குத் தோன்றவில்லை.

சில மாதம் கழித்து, பீக் அவரில் டேங்கர் லாரி மெயின் ரோட்டில் வரக்கூடாது என்று நிறுத்த ஆரம்பித்தார்கள். லோடு லேட்டானால் அபார்ட்மெண்ட்காரர்கள் திட்டுவது டிரைவரை. ரோட்டில் நிறுத்தினால் போலீஸ் திட்டுவதும் டிரைவரை. பொறுக்க முடியாமல் ஒரு மனு எழுதிக்கொண்டு, பதினொரு பேரையும் கூட்டிக்கொண்டு, ஜெயித்தவரின் ஆபீஸுக்குப் போனேன். அவர் இல்லை. உதவியாளர் இருந்தார். நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். மனுவை வாங்கிக்கொண்டே பேச்சுவாக்கில் கேட்டார்:

“எல்லாரும் இந்தப் பக்கம்தானா? போன எலெக்‌ஷன்ல ஓட்டுப் போட்டீங்களா?”

பதினொரு பேரும் தரையைப் பார்த்தார்கள். நான் காலண்டரைப் பார்த்தேன்.

மனு என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது. ஓட்டுப் போட்டிருந்தால் வேலை நடந்திருக்குமா, அதுவும் தெரியாது. ஆனால் “போட்டோம் சார்” என்று சொல்ல முடிந்திருந்தால், அங்கே உட்கார்ந்து உரக்கப் பேசியிருப்போம். வாய் எழும்பாமல் திரும்பி வந்தோம். வெளியே வந்ததும் எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அடுத்த தேர்தலில் பதினொன்றுக்குப் பதினொன்று விழ வைக்கவில்லை என்றால் என் பெயர் சுபைதா இல்லை என்று பஸ் ஸ்டாப்பிலேயே சொன்னேன்.

“பாத்துக்கலாம்க்கா” என்றான் சேகர், கொட்டாவி விட்டுக்கொண்டே.

3. டிடிஎஸ் பார்ப்பது

தேர்தல் வந்ததும் முதல் வேலையாக வாக்காளர் பட்டியலில் எல்லார் பெயரையும் போனில் தேடினேன். இரண்டு பேருக்கு முகவரி பழசு. மாற்றினோம். ஏழு பேருக்கு இந்தப் பக்கத்துத் தொகுதி, சேகரோடு நாலு பேருக்குக் கூடுவாஞ்சேரி பக்கத்துத் தொகுதி.

அடுத்த பிரச்சனை, யாருக்குப் போடுவது. “எங்க தெருவுல எல்லாரும் போட்றவருக்கு” என்றான் ஒருவன். “போன தபா பிரியாணி குடுத்தாங்கல்ல, அவங்களுக்கு” என்றான் இன்னொருவன். எனக்குச் சுள்ளென்று ஏறியது.

அபார்ட்மெண்டில் தண்ணீர் இறக்கும்போது நடப்பதைச் சொல்கிறேன். லாரி போய் நின்றதும் செக்ரட்டரி பேனா மாதிரி ஒரு மீட்டரை எடுத்துக்கொண்டு வருவார். ஒரு பக்கெட்டில் தண்ணீர் பிடித்து அதில் முக்குவார். அதுதான் டிடிஎஸ் பார்ப்பது. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று நம்பர் காட்டும். அதிகமாக இருந்தால் ஹோஸை சம்பில் விட மாட்டார், லோடு ரிட்டர்ன். டிரைவர்களுக்கு இந்த மீட்டரைக் கண்டாலே ஆகாது.

“ஒரு நாள் குளிக்கிற தண்ணிக்கு அவங்க மீட்டர் வெக்கிறாங்க. அஞ்சு வருஷத்துக்கு ஒருத்தர அனுப்பப் போறீங்க, டிடிஎஸ் பாக்க மாட்டீங்களா?” என்றேன்.

வேட்பாளர்கள் எல்லாரும் தங்களைப் பற்றி எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரம் போனிலேயே பார்க்கக் கிடைக்கிறது. படிப்பு, சொத்து, வழக்கு எல்லாம் அதில் இருக்கும். பிரிண்ட் எடுத்து, பத்து நாள், சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகப் படித்தேன். ஒரே ஒரு விதி வைத்தேன். யாருக்குப் போடப் போகிறாய் என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது. ஏன் என்று மட்டும் தனக்குத் தானே ஒரு வரி சொல்லிக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் தூங்கினார்கள். மூன்றாம் நாள் சண்டை போட்டார்கள். ஐந்தாம் நாள் எங்கள் ஆபீஸ் டீக்கடை போல ஆகிவிட்டது. சேகர்தான் எல்லாரையும் விட அதிகமாகக் கேட்டான்.

“இவரு ஏற்கெனவே ஜெயிச்சு போய்க்கிறாருல்ல? எத்தினி நாளு சபைக்குப் போனாரு, இன்னா கேட்டாரு, அது எங்கக்கா கீது?”

“அதுக்கு இன்னாடா இப்போ?” என்றான் பக்கத்தில் இருந்தவன்.

“லோடுக்கு வராத டிரைவர அண்ணன் வேலைல வெச்சுக்குவாரா?”

அதையும் தேடிப் படித்தேன். பிரியாணிக்காரன் சாப்பாட்டை மூடிவிட்டு நெருங்கி வந்து உட்கார்ந்தான். அந்தப் பத்து நாள் எனக்குக் காய்ச்சல் வந்த மாதிரி ஒரு உற்சாகம். வீட்டுக்குப் போனாலும் அதே பேச்சு. என் கணவர், “உன்னையே நிக்க வெச்சிருக்கலாம்” என்றார்.

4. செக்ரட்டரி சார்

ஓட்டு நாளில் டிரைவர்களை எப்படி விடுவது? இரண்டு ஷிப்ட் போட்டேன். மேடவாக்கம் பக்கம் ஓட்டு இருப்பவர்கள் காலை ஏழு முதல் பதினொன்று, தூரத்துக்காரர்கள் பதினொன்றுக்கு மேல். எனக்கு சிட்லபாக்கத்தில் ஓட்டு. நாலு மணிக்கு அண்ணன் வந்து போனை வாங்கிக்கொள்வார், நான் போய்ப் போட்டுவிட்டு வருவேன். அப்போது கூட்டம் குறைந்திருக்கும் என்று கணக்கு.

நாலு நாள் முன்னாலேயே எல்லா அபார்ட்மெண்டுக்கும் போன் செய்தேன். “வியாழக்கிழமையே ஒரு லோடு சேத்து வாங்கி சம்ப ரொப்பிக்குங்க. ஓட்டு அன்னைக்குப் பாதி வண்டிதான் ஓடும். ஆஸ்பத்திரி, ஹோம், அதுக்கெல்லாம்தான் முதல்ல.”

ஒரு பெரிய அபார்ட்மெண்டின் செக்ரட்டரி, பொறுமையாகப் பேசுகிற மனிதர், அன்றைக்குப் பொறுமையிழந்தார்.

“மேடம், அது எப்படி? அன்னைக்கு ஹாலிடே. எல்லாரும் வீட்லதான் இருப்பாங்க.”

“வீட்ல ஏன் சார் இருப்பாங்க? பூத்துக்குப் போக மாட்டாங்களா?”

“போவாங்க... போகணும்... லாங் வீக்கெண்ட் இல்லையா, பாதிப் பேர் பாண்டிச்சேரி பிளான் போட்டுட்டாங்க.”

“அப்போ தண்ணி செலவு கம்மிதானே சார்?”

சிரித்துவிட்டார். “உங்க டிரைவர்ஸ் எல்லாம் போடுவாங்களா?”

“பதினொண்ணுக்குப் பதினொண்ணு” என்றேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது. அதற்குப் பிறகு எல்லா செக்ரட்டரியிடமும் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல அது எனக்கு மானப் பிரச்சனையாகிவிட்டது. அதுதான் பின்னால் என் கண்ணை மறைத்தது என்று இப்போது தெரிகிறது.

அவர் வியாழக்கிழமை இரண்டு லோடு வாங்கினார். அபார்ட்மெண்ட் குரூப்பில், “தண்ணீர் டேங்கர் டிரைவர்களே ஓட்டுப் போடப் போகிறார்கள், நாம்?” என்று எழுதினாராம். பாண்டிச்சேரி பிளானில் மூன்று கார் ரத்தானது என்று பிறகு சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

5. பைக்

மறுபடி மூன்று நாற்பதுக்கு வருகிறேன். பத்து விரலில் மை பார்த்தாயிற்று. பதினொன்றாவது விரல்தான் என் எதிரில் நிற்கிறது.

சேகரின் லாரியில் பன்னிரண்டாயிரம் லிட்டர் நிரம்பியிருக்கிறது. சிட்லபாக்கம் ஹோமில் முதியவர்கள் நாற்பது பேர், சம்ப் காலி. அதை அனுப்பாமல் இருக்க முடியாது. மற்ற வண்டியெல்லாம் ஓ.எம்.ஆர். பக்கம் போயிருந்தன. அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் வந்து சேர மணி நாலு இருபது.

தணிகாசலம் அண்ணனுக்கு அறுபத்தைந்து வயது. இந்த ஊரில் நெல் போட்ட குடும்பம். முதல் லாரியைத் தானே ஓட்டியவர். விஷயத்தைக் கேட்டதும் வேட்டியை மடித்துக் கட்டினார்.

“சாவியக் குடு. கை மறந்துடுமா இன்னா? நீ போய் உன் ஓட்டப் போட்டுட்டு வாம்மா. அவன் அவன் ஓட்டப் போட்டும்.”

எவ்வளவு சரியாகச் சொன்னார்! நான் கேட்டேனா? சேகரைப் பார்த்தேன். இவன் வழியில் இன்னொரு போன் வந்தால் அங்கேயும் போய் நிற்பான். வெயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவான். பூத்தில் தகராறு செய்தால் யார் பேசுவது? என் மனம் இப்படியெல்லாம் காரணம் சொன்னது. உள்ளே ஓடியது ஒன்றே ஒன்றுதான். பத்து என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

“நானும் வரேன். வண்டிய எடு” என்றேன்.

அண்ணனின் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, ஆபீஸ் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு, ஐம்பத்தேழு வயதில் சேகரின் பைக்கில் ஏறினேன். புர்காவைச் சக்கரத்தில் மாட்டாமல் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். வேங்கைவாசல், செம்பாக்கம் எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் போனது. ராஜகீழ்ப்பாக்கத்தில் சிட்லபாக்கத்துக்குத் திரும்புகிற இடம் வந்ததும் சேகர் வேகத்தைக் குறைத்தான்.

“அக்கா, நீ போட்டியா?”

“காலைலயே ஆச்சு. நீ ரோட்டப் பாரு.”

பொய் அவ்வளவு சுலபமாக வரும் என்று நான் நினைக்கவில்லை. அங்கிருந்து என் பூத் பத்து நிமிடம்.

தாம்பரம் தாண்டுவதற்குள் போன் ஆறு தடவை அடித்தது. ஒருவரிடம், “லோடு அப்புறம், ஓட்டு போட்டீங்களா சார்?” என்று கத்தினேன். காற்றில் அவருக்கு என்ன கேட்டதோ, “சரி மேடம், சரி மேடம்” என்று வைத்துவிட்டார். பெருங்களத்தூர் தாண்டியதும் தேர்தல் பறக்கும் படை வண்டி கயிறு கட்டிக் குறுக்கே நின்றது. பைக்கை ஓரம் கட்டச் சொன்னார்கள். ஓர் அதிகாரி என் பையைப் பார்த்தார். உள்ளே ட்ரிப் ஷீட்டும் ஒரு டிபன் பாக்ஸும்.

“எங்கம்மா இவ்ளோ அவசரமா?”

“ஓட்டுப் போட சார். இவர் ஃபர்ஸ்ட் டைம்.”

அவர் சேகரின் நரைத்த மீசையைப் பார்த்தார். “இப்பத்தான் பதினெட்டாச்சா?” என்று சிரித்துக்கொண்டே கயிற்றை விலக்கினார். “போங்க, போங்க, ஆறு மணி!”

வண்டலூரில் ஊருக்குப் போகிற வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. சேகர் லாரி ஓட்டுகிற நினைப்பில் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது மணி ஐந்து முப்பத்தெட்டு.

6. வரிசை

வெளி ஆட்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் நான் கேட்டருகே நின்றுகொண்டேன். சின்னப் பள்ளிக்கூடம். பூத் அறையின் கதவும் ஆண்கள் வரிசையும் கேட்டிலிருந்தே நன்றாகத் தெரிந்தன.

கேனைத் தேடினேன். கடைசியில் இல்லை. நடுவில் இல்லை. எவனோ தூக்கிப் போட்டிருப்பான் என்று நினைத்தபோது சேகர் கூவினான்.

“அக்கா! முன்னாடி கீது!”

கதவிலிருந்து ஒன்பதாவது இடத்தில், லாரி நம்பர் எழுதிய அந்த நீலக் கேன் மரியாதையாக நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் சட்டையெல்லாம் சுண்ணாம்புப் புள்ளியோடு ஒரு பெயிண்டர்.

“வாய்யா, வந்துட்டியா! மூணு மணி நேரமா உன் கேன காலால தள்ளித் தள்ளி கொணாந்துகீறேன். நில்லு, நில்லு” என்று அவர் ஒதுங்கி இடம் கொடுத்தார்.

நான் கைதட்டியேவிட்டேன். சேகர் போய் நின்றான். முன்னால் எட்டு பேர், பத்து நிமிடம். அப்போது பின்னாலிருந்து குரல்கள் கிளம்பின.

“யோவ், நாங்கெல்லாம் வெயில்ல காயிறோம். நீ வூட்டுக்குப் போய்ட்டு வந்து நிப்பியா?”

பெண் கான்ஸ்டபிள் ஒருவர் வந்தார். கேனைப் பார்த்தார், சேகரைப் பார்த்தார்.

“கேனுக்கெல்லாம் ஓட்டு கெடையாது. ஆள் நின்னாத்தான் வரிசை. பின்னாடி போங்க.”

“சேகரு, நகராத! அங்கயே நில்லு!” என்று நான் கேட்டிலிருந்து அலறினேன். “மேடம், பின்னாடி இருக்கறவரே எடம் குடுக்கறாரு. உங்களுக்கு என்ன?”

கான்ஸ்டபிள் கோபப்படவில்லை. “அவர் குடுக்கறாரும்மா. அவருக்குப் பின்னாடி அறுபது பேர் இருக்காங்க. அவங்கள யார் கேட்டா?”

அப்படியும் என் வாய் ஓயவில்லை. அப்போது சேகர் திரும்பி அந்த அறுபது முகத்தையும் பார்த்தான். தலையில் துண்டு போட்டவர்கள், வேர்வையில் சட்டை ஒட்டியவர்கள். குனிந்து கேனைக் கையில் எடுத்துக்கொண்டான்.

“வுடுக்கா. வண்டிய யார்டுல நிறுத்தாம கேன் மட்டும் வெச்சா, நம்ம பசங்களே தூக்கிக் கடாசுவானுங்க. நான் அதத்தான் பண்ணிகீறேன்.”

உண்மைதான். ஃபில்லிங் பாயிண்டில் லாரி கண்ணெதிரே நிற்க வேண்டும், டிரைவர் கேபினில் இருக்க வேண்டும். அப்போதுதான் கேனுக்கு மதிப்பு. எனக்கு அது ஞாபகம் வரவில்லை, அவனுக்கு வந்தது. அவன் நடந்து கடைசிக்குப் போனான். பெயிண்டர் அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மணி ஐந்து நாற்பத்தெட்டு.

ஆறு அடித்ததும் கேட்டை மூடினார்கள். ஆறு மணிக்குள் வரிசைக்கு வந்தவர் எல்லாருக்கும் ஓட்டு உண்டு. அதற்குப் பிறகு யாரும் நுழையாமல் இருக்க, கடைசி ஆளிலிருந்து ஆரம்பித்து நம்பர் போட்ட சீட்டுக் கொடுத்துக்கொண்டு வருவார்கள். சேகருக்குப் பின்னால் யாரும் வராததால் அவனுக்கே முதல் சீட்டு.

“அக்கா, ஒண்ணாம் நம்பரு!” என்று அதைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, குதித்து ஓடி வரிசையின் முன்னால் போய் நின்றான். எங்கள் தொழிலில் ஒன்று என்றால் முதல் ஃபில்லிங் அவனுக்குத்தானே!

கான்ஸ்டபிள் இரண்டாவது முறையாக அவனை மறித்தார். “சார், ஒண்ணுன்னா கடைசி!”

வரிசை முழுக்கச் சிரித்தது. சற்று முன் திட்டியவர்தான் அதிகம் சிரித்தார். “விடுங்க மேடம், அவருக்கு இன்னைக்கு நேரமே சரியில்ல” என்றார். சேகரும் சிரித்துக்கொண்டே பின்னால் போனான். அந்த வரிசையில் வெயிலில் காயாமல் நின்ற ஒரே ஆள் அவன்தான், அவன் வந்து நிற்பதற்குள் சூரியன் இறங்கிவிட்டது.

ஆறே முக்காலுக்கு உள்ளே போனான். பீப் என்ற அந்த ஓட்டு மெஷின் சத்தம் கேட் வரைக்கும் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். பதினொன்றுக்குப் பதினொன்று!

7. பன்னிரண்டு

கேட்டுக்கு வெளியே வந்ததும் சேகர் விரலை என் மூக்குக்கு நேராக நீட்டினான்.

“உள்ள ரெண்டு நிமிசம் நின்னேன்க்கா. அந்த ஆபீசரு இன்னாப்பா தூங்கிட்டியான்றாரு. நீ சொன்ன ஒரு வரி, அத மனசுல சொல்லிக்கினு அமுக்குனேன்.” போனை எடுத்தான். “வெரல காட்டுக்கா. ரெண்டு பேரும் சேந்து ஒரு போட்டோ. குரூப்ல போட்லாம்.”

நான் கையை புர்காவுக்குள் இழுத்துக்கொண்டேன்.

“காட்டுக்கா.”

“நான் போடலப்பா.”

அவன் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். சிரிப்பு அப்படியே நின்று, மெல்ல இறங்கியது.

“காலைல போட்டேன்னு சொன்ன?”

“பொய் சொன்னேன். உன்னைய பூத்துல சேத்துறணும்னு...”

“என்ன இன்னாக்கா சேக்கறது? நான் இன்னா லோடா?” அவன் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. “எனுக்கு வழி தெரியாதா? திரும்பிப் போவணும்னுதானே எடம் போட்டு வந்தேன்? உன்ன யாரு கூட வரச் சொன்னா? ராஜகீழ்ப்பாக்கத்துல நீ எறங்கிருந்தா ரெண்டு ஓட்டு வுழுந்துகும்!”

பத்து நாள் பத்திரம் பத்திரமாகப் படித்தேன். ஊரில் உள்ள செக்ரட்டரிகளையெல்லாம் கேள்வி கேட்டேன். பதினொரு பேர் விரலைப் பிடித்துப் பார்த்தேன். என் தொகுதியில் யாருக்கு, ஏன் போடப் போகிறேன் என்று நானும் ஒரு வரி முடிவு செய்து வைத்திருந்தேன். அந்த வரி என்னோடேயே நின்றுவிட்டது. அதைவிட அதிகமாக வலித்தது வேறொன்று. ஒரு நாற்பத்தாறு வயது மனிதன் தன் ஓட்டைத் தானே போய்ப் போடுவான் என்று நான் நம்பவில்லை. வரிசையை விட்டுப் பின்னால் போகும் நியாயம்கூட அவனிடம் இருந்தது, அலறிக்கொண்டு நின்றது நான்.

இளையவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அடுத்தவரை ஓட்டுப் போடச் சொல்லுங்கள், நன்றாகச் சொல்லுங்கள், யார் நிற்கிறார்கள் என்று படித்துக் காட்டுங்கள், போய்வர நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். அதோடு உங்கள் வேலை முடிந்தது. பிறகு அவரை நம்பிவிட்டு, உங்கள் வரிசையில் போய் நில்லுங்கள்.

சேகர் தன் விரலை மட்டும் படமெடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டான். கீழே எழுதினான்: “பன்னெண்டுல பதினொண்ணு.” அந்தப் பன்னிரண்டாவது ஆள் யார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

தாம்பரம் வரைக்கும் அவன் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினான். கேனை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஸ்டேஷன் பக்கத்தில் டீக்கு நிறுத்தினான். பாதி டீ குடித்தபின் கோபம் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும்.

“அட்த்த எலெக்‌ஷனுக்குக் காலைல ஏழு மணிக்கு நானே வந்து உன்ன வண்டில இட்டுனு போய் பூத்துல வுட்றேன்” என்றான். பிறகு கொஞ்சம் யோசித்தான்.

“வாணாம். நீயே போய்க்கோ. நான் போன எடுக்கறேன்.”